வடக்குச் சுவரில் பதினோரு குழி

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நேரில் வந்து என் இடது கையைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே, உள்ளே, ஒரு உலோகத் தகடும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன. குளிர் நாட்களில் ஆறும் தனித்தனியாக வலிக்கும். கற்பனைக்கு எந்த டாக்டரும் தகடு வைத்துத் தைப்பதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நடுராத்திரி, இருட்டு, நரி ஊளை என்று நினைத்துக்கொள்வீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் 3.46க்கு. வெளியே நல்ல வெயில்.

எனக்கும் என் கணவருக்கும் ஒரே தொழில். பழைய மாளிகைகளின் உட்புறத்தைப் பழையபடியே ஆக்கித் தருவோம். சுவரும் பெயிண்டும் என் பொறுப்பு. மரவேலை அவருடையது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாகச் சண்டை போட்டு... சண்டை என்றால் நான் போடுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவரோ கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிற ஆள். பழைய அலமாரியைப் பிரிக்கும்போது உள்ளே எறும்புகள் இருந்தால், காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டு வருவார். "பாவம், குடியிருந்த வீட்டை நாமதானே கலைச்சோம்" என்பார். அந்த மனுஷனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதனால்தான் இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு வெளியே தோப்புக்கு நடுவில் இருந்த மாளிகை அது. முப்பது அறைகள். புதிதாக வாங்கியிருந்த முதலாளி எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கட்டுனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்." முதலில் இரண்டு அறைகளைக் கொடுத்தார். சாப்பாட்டு அறையில் நான். பக்கத்து நூலக அறையில் அவர். நடுவில் ஒரு கதவு, எப்போதும் திறந்தே இருக்கும். தரையெல்லாம் பழைய தேக்கு. கீறல் விழக்கூடாது என்பதால் இரண்டு பேரும் வெறுங்காலோடுதான் வேலை பார்ப்போம். வாசல் கேட்டில் ஒரு காவல்காரர் உண்டு. அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்காது. வேறு யாரும் கிடையாது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சுவரில் ஒரே ஒரு பெயிண்ட் இருக்காது. குடியிருந்த ஒவ்வொருவரும் தன் ரசனைக்கு ஒன்றை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சின்னக் கத்தியால் விரல் அகலத்துக்கு ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, படிக்கட்டு மாதிரி வரிசையாகத் திறந்து வைப்பேன். மேலே இருப்பது புதுசு, அடியில் இருப்பது பழசு. சுரண்டுகிற ஒவ்வொன்றையும் மணியோடு நோட்டில் குறிப்பேன். அதனால்தான் நான் சொல்வதில் நேரமெல்லாம் இவ்வளவு சரியாக இருக்கிறது.

ஏழாவது நாள். காலை 10.15. மூன்று சுவர்களில் ஆறு பூச்சு. வடக்குச் சுவரில் மட்டும் ஏழு.

கூடுதலாக இருந்தது அடியில் இருந்த பூச்சுக்கு நேர் மேலே. செங்காவி நிறம், தடிமனாக. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட். சாப்பாட்டு அறையில் அதை யார் அடிப்பார்கள்?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு சுவரில் மட்டும் ஒரு பூச்சு அதிகமாக இருந்தால், அது அழகுக்கு அடித்தது இல்லை, எதையோ மறைக்க அடித்தது. அங்கேயே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். படம் எடுத்து, குறித்து, உடைமைக்காரரிடம் கேட்ட பிறகுதான் மேற்கொண்டு தொட வேண்டும். நானே எத்தனையோ பேருக்கு இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

என் கணவர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"இந்த ஒரு சுவத்துல மட்டும் எதுக்கும்மா இது? விட்டுடேன். சாயங்காலம் முதலாளி வருவாருல்ல, கேட்டுட்டுச் செய்யலாம்."

"அவரு வரும்போது சுவர் முழுசாத் திறந்து இருக்கணும். உங்க வேலையப் போய்ப் பாருங்க."

"எனக்கென்னவோ சரியாப் படல."

"உங்களுக்கு என்னைக்குத்தான் சரியாப் பட்டுச்சு?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வாய்க்கொழுப்பு எனக்கு. அடியில் இருந்த வெளிர்பச்சை அவ்வளவு அழகு. சுவர் முழுக்க அதைக் காட்டி முதலாளியை அசத்த வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் காரணம்.

12.40க்குச் செங்காவி முழுவதும் உரிந்து வந்துவிட்டது. கீழே பச்சை. பச்சைக்கு நடுவே வட்ட வட்டமாக ஒட்டுப் பூச்சுகள். எண்ணினேன். பதினொன்று. பெரிய நாணயம் அளவு. குழி விழுந்த இடங்களை யாரோ அவசரமாகச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள்.

ஆணி அடித்த இடமாக இருக்கும், யாரோ குடித்துவிட்டுப் படம் மாட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஆணிக்குழி ஏதோ ஒரு மட்டத்தில் இருக்கும். இவை அப்படி இல்லை. முதல் குழி என் தலை உயரத்தில் இருந்தது. அடுத்தது கொஞ்சம் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே... கடைசிக் குழி தரையிலிருந்து ஒரு சாண்.

இளகிய சாந்தைத் தோண்டி எடுக்காமல் மேலே புதிதாகப் பூசினால் நிற்காது. அதனால் 1.50க்கு முதல் குழியை நோண்டினேன். சாந்து பொத்தென்று விழுந்தது.

பக்கத்து அறையில் "டொக்" என்று ஒரு சத்தம்.

சுத்தியல் சத்தம். அவர் வேலை செய்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது குழி. டொக். மூன்றாவது. டொக். நான்காவதற்கு எனக்கு எரிச்சல் வந்தது. சுவர் அதிர்ந்தால் மிச்சப் பூச்சும் உதிரும்.

"கொஞ்சம் அடிக்காம இருங்களேன்!" என்று கத்தினேன்.

அவர் கதவுக்கு வந்தார். "நான் எங்கம்மா அடிச்சேன்? பசை காய விட்டிருக்கேன். ஒரு மணி நேரமா சும்மாதான் உக்காந்திருக்கேன். சுத்தியல் பெட்டிக்குள்ள இருக்குது."

"அப்போ சத்தம்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல." பிறகு வலது உள்ளங்கையைத் தேய்த்தபடி சொன்னார். "கைதான் வலிக்குது. ஏன்னு தெரியல."

கையைப் பார்த்தேன். உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு சிவந்த பட்டை. இறுக்கமாக எதையோ பிடித்திருந்த கை மாதிரி. மணி 2.20.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போனேன். அந்த இரைச்சலில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கதவில் நின்று, மரத்துக்குப் பூசும் மெருகு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாராம். நான் தலையாட்டினேனாம். எனக்கு நினைவில்லை. மூன்று மணிக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைக்கு நாற்பது நிமிடப் பயணம். காவல்காரர் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார். ஆக, என் கணவர் வெளியே போனதைப் பார்த்தவர் யாரும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிடம் என்னைப் பொறுத்தவரை அவர் பக்கத்து அறையில் இருந்தார்.

3.30க்கு மெஷினை நிறுத்தினேன். அமைதி. பத்தாவது குழியை நோண்டினேன். சாந்தோடு சேர்ந்து முடி வந்தது.

பழைய சாந்தில் முடி இருக்கும். பிடிப்புக்காக ஆட்டு மயிரோ குதிரை மயிரோ கலப்பார்கள். விரல் நீளம் இருக்கும்.

இதை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. என் கை நீளம்.

ஆனாலும் குனிந்தேன். இன்னும் ஒன்றுதானே என்று நினைத்தேன். 3.44, பதினொன்றாவது திறந்தாயிற்று என்று நோட்டில் எழுதினேன். அதுதான் அந்த நோட்டில் கடைசி வரி.

நிமிர்ந்து, சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

3.46.

டக்... டக்... டக்...

நூலக அறையிலிருந்து காலடிச் சத்தம். பூட்ஸ் சத்தம். தேக்குத் தரையில்.

"என்னங்க, பூட்ஸ் போட்டுக்கிட்டா நடக்குறீங்க? கழட்டிட்டு வாங்க" என்றேன், திரும்பாமலே.

சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றது.

"சொன்னா கேக்கணும்."

அவர் குரல். அவருடைய குரலேதான். ஆனால் பதினான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

திரும்பினேன். அவர்தான். அதே நீலச் சட்டை. அதே முகம். வலது கையில் அவருடைய சுத்தியல். கண் மட்டும் சிமிட்டவில்லை.

"என்னங்க..."

முதல் அடி என் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் இறங்கியது. சாந்து தெறித்துக் கண்ணில் விழுந்தது. சுத்தியல் விழுந்த இடம் முதல் குழி. இம்மி பிசகவில்லை.

இரண்டாவது அடி தோள்பட்டை எலும்பில். உடைகிற சத்தம் எனக்கே கேட்டது.

கத்தினேன். ஓடப் பார்த்தேன். வேலைக்காகப் போட்டிருந்த நீள அங்கியின் ஓரத்தை அந்த பூட்ஸ் மிதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது... சுவரில். மூன்றாவது குழியில்.

அப்போதுதான் புரிந்தது. அவர் என்னைக் குறிபார்க்கவில்லை. குழிகளை வரிசையாக அடித்துக்கொண்டு வருகிறார். நான் விலகினால் சுவர். விலகாவிட்டால் நான்.

"சொன்னா கேக்கணும்."

நான்காவதைக் கையால் தடுத்தேன். இடது கை. கைக்கடிகாரம் நொறுங்கியது. அதன் முள் 3.48ல் நின்றிருந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்ததை நானே பார்த்தேன்.

என் வலது கையில் கத்தி இருந்தது. குத்தினேன். என் கணவரை, என் கையால், பலம் கொண்டமட்டும் குத்தினேன். அவர் வலது முன்கையில் பிடி வரை இறங்கியது.

ரத்தம் வரவில்லை.

ஐந்து.

கால் மடங்கியது. முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே சரிந்தேன். நான் சரியச் சரிய, குழிகளும் கீழே கீழே... இந்த வழியாக எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி சரிந்திருக்கிறாள்.

ஆறு. விலா எலும்பில்.

ஏழு. சுவரில்.

"சொன்னா..."

எட்டு.

"...கேக்கணும்."

ஒன்பது. இடுப்பில். வாயெல்லாம் ரத்தம்.

பத்து. காதைக் கிழித்துக்கொண்டு போனது.

தரையில் கிடந்தேன். கடைசிக் குழி என் நெற்றிக்கு நேர் பின்னால். சுத்தியல் மேலே போனது.

வரவில்லை.

அங்கேயே நின்று நடுங்கியது. அந்தக் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல.

"சொன்னா..." என்றது குரல்.

பிறகு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெயில் மட்டும் தரையில் விழுந்திருந்தது.

*

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. 4.35க்குத் திரும்பி வந்தவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். சட்டையெல்லாம் என் ரத்தம். டாக்டர் குனிந்து கேட்டார். "யாரும்மா இப்படி அடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்.

"நான்தான், டாக்டர். நான்தான் அடிச்சேன்."

போலீஸ் வந்தது. நான் என்ன சொல்ல முடியும்? அவர் முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். நூலக அறையில் அவர் பெட்டியைத் திறந்தார்கள். சுத்தியல் துணியில் சுற்றி வைத்தபடியே இருந்தது. துணி சுத்தம். உள்ளே சுத்தியல் முழுக்க ரத்தம், என் தலைமுடி.

அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் வலது முன்கையைப் பார்த்தேன். கத்தி இறங்கிய இடத்தில் காயம் இல்லை. கத்தி அகலத்துக்கு ஒரு சிவந்த கோடு மட்டும் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டே போனார். நான் அவரை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. அந்த மூன்று வாரங்கள் அடியைவிடக் கொடுமையானவை.

நான்காவது வாரம் ஒரு போன் வந்தது. பெயிண்ட், மரச்சாமான் விற்கிற கடைக்காரர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வாங்குன மெருகு டப்பா இங்கயே கிடக்குது. போட்டது போட்டபடி ஓடிட்டாரு. அவருக்கு வலிப்பு கிலிப்பு எதுவும் உண்டா?"

"என்னைக்கு?"

தேதியைச் சொன்னார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் என்றார்.

கையில் கட்டோடு, அண்ணனை வண்டி ஓட்டச் சொல்லிப் போனேன். கடையில் கேமரா இருந்தது. கடைக்காரர் அதை ஓட்டிக் காட்டினார். படம் மட்டும்தான். சத்தம் கிடையாது.

3.41க்கு அவர் கடைக்குள் வருகிறார். வெறுங்காலோடு, சிரித்துக்கொண்டு.

3.46க்குச் சிரிப்பு நிற்கிறது.

வலது கை மேலே போகிறது. விரல்கள் மடங்கியிருக்கின்றன. கையில் ஒன்றும் இல்லை. தகரம் போர்த்திய அந்த மேசை மேல் ஓங்கி இறக்குகிறார். மறுபடியும். மறுபடியும். 3.48க்கு நான்காவது. ஐந்தாவதற்கு முன்னால் சட்டென்று முன்கையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். ஆனாலும் கை எழும்புகிறது.

இடது கையால் வலது கையைப் பிடிக்கிறார். முடியவில்லை. ஆறு. ஏழு. பல்லால் மணிக்கட்டைக் கடிக்கிறார். எட்டு. அழுகிறார். வாய் மட்டும் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அதாம்மா எனக்கும் புரியல. 'சொன்னா கேக்கணும், சொன்னா கேக்கணும்'னு ஒரே வார்த்தை. யாரை மெரட்டுறாருன்னு சுத்திமுத்தும் பாத்தேன்."

ஒன்பது. பத்து. கை மறுபடியும் எழும்புகிறது. இந்த முறை அவர் அப்படியே குப்புற விழுந்து, தன் முழு உடம்பையும் அந்தக் கை மேல் போட்டு அழுத்திக்கொள்கிறார். கை அடியில் கிடந்து துள்ளுகிறது. பிறகு அடங்குகிறது. எழுந்து ஓடுகிறார்.

நாற்பது நிமிடத் தொலைவில் இருந்துகொண்டு என் உயிரை அவர் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார். கடை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசையைக் காட்டினார். "வெறுங்கையாலதான் அடிச்சாரு, நீங்களே பாத்தீங்க. இது எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க."

தகரத்தில் குழிகள். வட்டமாக, பெரிய நாணயம் அளவு. மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரே வரிசையில்.

விரலை வைத்து மூன்று தடவை எண்ணினேன். பத்து.

*

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு போலீஸ் இரண்டு நாள் தலையைச் சொறிந்தது. கடைசியில் நான் சாரத்திலிருந்து தவறி விழுந்ததாக எழுதி மூடிவிட்டார்கள். சுத்தியலில் இருந்த ரத்தத்தைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடம் இல்லை போலிருக்கிறது. அந்த மாளிகையில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி போனை எடுப்பதில்லை.

அவர் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியானம். பாதியாக இளைத்திருந்தார். என்னைத் தொடவே பயந்தார். அண்ணன் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். "அவர் தப்பு இல்லன்னே இருக்கட்டும், ஆனா மறுபடி வந்துச்சுன்னா?" என்றான். நான் போகவில்லை. தன் கையைத் தானே கடித்த அந்த மனுஷனை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

கட்டிலில் பக்கத்தில் படுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் அங்கேயும் இருந்தேன், கடையிலயும் இருந்தேன். உன் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசில என்ன ஆச்சுன்னுதான் தெரியல. எத்தனை அடி விழுந்துச்சு? எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

"அப்போ எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுபோச்சு. நீங்க தூங்குங்க."

பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்தது. குழந்தை மாதிரி உடனே தூங்கிப்போனார்.

இரண்டு வருடமாகத் தினமும் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார். செய்தித்தாளில் தலைப்பைத் தாண்டிப் படிக்காத ஆள், அதனால் இதையும் படிக்கமாட்டார். அவர் வலது கை எப்போதும் என் தலையணை மேல்தான் கிடக்கும். சில சமயம் தூக்கத்தில் அதன் விரல்கள் மெல்ல மடங்கும். நான் எழுந்து உட்கார்ந்து, அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவேன். விழுந்தது பத்துதான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.